வண்டியில் குறை இல்லை

அக்டோபர் கடைசியில் வெர்னா டோலெஃப்சன் தன் பிக்கப் வண்டியை என் பழுதுபார்க்கும் பட்டறைக்கு ஓட்டிவந்தார். எழுபத்துநான்கு வயது. கணவர் ஹாரல்ட் இறந்து ஆறு வருடமாகியும் அறுபது மாடுகளைத் தனியாகவே பார்த்துக்கொண்டிருந்தவர். கிழக்கு மொன்டானாவின் குளிர்காலத்தில் அது சின்ன வேலை இல்லை.

"லைல், இடப்பக்கம் திருப்பினா முன்னாடி டொக்குனு கேக்குது. நேர் ரோட்டுல ஸ்டியரிங்கைத் திருப்பினா வண்டி கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் கேக்குது."

"உங்க பையன் கர்ட் மாதிரியா?"

"அவன் யோசிச்சும் கேக்கமாட்டான்." சிரிக்காமல் சொன்னார். "நான் உள்ள உக்காந்து ஸ்டியரிங்கை ஆட்டறேன், நீ கீழ படுத்துப் பாரு. ஹாரல்ட் அப்படித்தான் பாப்பார்."

"நீங்க போய் காபி குடிங்க வெர்னா. இதுக்குத்தானே லிஃப்ட் வாங்கிப் போட்டிருக்கேன்."

வண்டியைத் தூக்கி, தொங்கிய சக்கரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்து உலுக்கினேன். எல்லா இணைப்பும் இறுக்கமாக இருந்தது. 'முன்பக்கத்தில் ஆட்டம் இல்லை. வண்டியில் குறை இல்லை' என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்து, மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

தானியக் கிடங்குக்குப் பக்கத்தில் வெர்னாவின் வண்டி ரோட்டின் நடுக்கோட்டைத் தாண்டியதை யாரோ பார்த்துக் கர்ட்டிடம் சொல்லியிருந்தார்கள். இனி அம்மா ஓட்டக் கூடாது என்று வீட்டில் ஒரு மாதமாகச் சண்டை நடந்திருக்கிறது. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அடுத்த வாரம் கர்ட் காபிக் கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தான். பள்ளியில் என்னோடு படித்தவன்.

"வண்டியில நெஜமாவே ஒண்ணும் இல்லையாடா?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப அம்மாதான்."

நான் மறுக்கவில்லை. "வயசாகுதில்ல" என்றும் சொன்னேன்.

நவம்பரில் வெர்னா தாமாகவே போய் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். வண்டி ஓட்டாமல் மாடுகளுக்குத் தீனி கொண்டுபோக முடியாது; டிசம்பரில் அவை ஏலத்துக்குப் போயின. அவர் நகரத்தில் இரண்டு அறை வீட்டுக்குக் குடிபோனார்.

மார்ச்சில் கர்ட் அதே வண்டியோடு வந்தான். "இந்தச் சனியன் என்னையும் பள்ளத்துப் பக்கம் இழுக்குதுடா. சத்தம் வேற."

இந்த முறை லிஃப்டில் ஏற்றவில்லை. சக்கரங்கள் தரையில் இருக்க, இன்ஜின் ஓட, அவனை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டச் சொன்னேன். கீழே படுத்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. முன் அச்சை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைக்கும் தண்டின் இடப்பக்க முனையில் போல்ட் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது. அவன் ஆட்டும்போதெல்லாம் தண்டு கால் அங்குலம் குதித்தது. சக்கரம் தொங்கும்போது அதில் பாரம் விழாது. கையால் உலுக்கினால் அது அசையவே அசையாது.

"கிடைச்சுதா?" என்றான் மேலிருந்து.

"அக்டோபர்லயே இருந்திருக்குடா. நான்தான் பாக்கல."

அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டான். கதவைத் திறந்தான்; இறங்கவில்லை. "நீயே போய்ச் சொல்லு. என்னால முடியாது."

சட்டத்தில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, புது போல்ட் போட்டேன். சனிக்கிழமை காலை அந்த வண்டியிலேயே வெர்னாவின் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்."

"நான் சொன்னேன்."

"சொன்னீங்க. நான் கேக்கல. லைசென்ஸை மறுபடி வாங்கிடலாம் வெர்னா. ஒரு டெஸ்ட்தான். நானே கூட்டிட்டுப் போறேன்."

"மாட்டை?"

அவர் கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். கைப்பிடியைப் பற்றி ஏறி, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினார்.

"படு" என்றார்.

பனி உருகிய சேற்றில் மல்லாந்து படுத்துத் தண்டின் மேல் கை வைத்தேன். இடம், வலம், இடம், வலம். ஒரே சீராக ஆட்டினார். கர்ட்டின் கை இவ்வளவு நிதானமாக இல்லை.

"ஆட்டம் இருக்கா?"

"இல்ல."

"என் கையில?"

"இல்ல வெர்னா."

ஸ்டியரிங் நிற்கவில்லை. சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியது. அவராக நிறுத்தும்வரை கையை எடுக்காமல் படுத்திருந்தேன்.