கேட்காமல் போட்ட பதில்

...ஆனால் அன்றைக்கு அவர் வீட்டில்தானே இருந்தார், அடுத்த அறையில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றிக்கொண்டு, கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார், இவள்தான் கூப்பிடவில்லை, என் புருஷனைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே முப்பத்திரண்டு கேள்விக்கும் டேப்லெட்டில் பதிலைத் தட்டித் தள்ளிவிட்டாள், மூன்று நிமிஷம் ஆகியிருக்குமா? அதுகூட ஆகியிருக்காது. சுகாதார அலுவலகத்தில் பதினோரு வருஷம், வட்டாரத்தில் யாருக்கு என்ன நோவு, யாருக்குத் தூக்கம் வருகிறது, யாருக்கு மனசு சரியில்லை என்று படி ஏறி இறங்கிக் கேட்டுக் குறிக்கிற வேலை. கணக்கெடுக்க வீடு பொறுக்குகிற போன வருஷக் குலுக்கலில் இவள் வீட்டு எண்ணே விழுந்தபோது, நல்லவேளை, ஒரு வீடாவது கதவைத் திறக்கும் என்று அலுவலகமே சிரித்தது. சொந்த வீடு விழுந்தால் வேறொருவர்தான் போய்க் கேட்க வேண்டும் என்று விதி இருக்கத்தான் இருக்கிறது, யார் பார்த்தார்கள், அவரவர் வீட்டை அவரவரே போட்டுக்கொள்வார்கள், கட்டம் காலியாக இருந்தால்தான் மேலாளர் குதிப்பார், நிரம்பிய கட்டத்தை யார் தட்டிக் கேட்கிறார்கள்...

இந்த வருஷம் அதே வீடுகளில் மறுபடி கேட்க வேண்டும். இந்த வீட்டுக்கு மட்டும் மேலாளர் ஆள் அனுப்பியிருக்கிறார், வெயிலோ மழையோ குடை இல்லாமல் வெளியே வராத, அதனாலேயே எல்லோருக்கும் குடைக்காரி ஆகிப்போன, அலுவலகத்திலேயே வயதில் சின்னவளை. வந்தவள் தெரியாமல் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள், எழுந்திரு என்றா சொல்ல முடியும்? டேப்லெட்டைத் திறந்தாள், போன வருஷப் பதில்கள் சாம்பல் நிறத்தில் வரிசையாக வந்தன, முதல் வரி, குடும்பத் தலைவர், உயிருடன் இருக்கிறார். அதை மாற்ற வேண்டும். குடைக்காரியின் விரல் அங்கே போய்த் திரும்பி வந்தது, டேப்லெட்டை மெதுவாக இவள் பக்கம் தள்ளினாள், இவளே மாற்றினாள், தேதி, காரணம், மாரடைப்பு என்று இருந்த கட்டம், எல்லாம் ஒரே தட்டில், எத்தனை வீட்டுக்குப் போட்ட கை.

கீழே பதினாறாம் கேள்வி, மாடி ஏறும்போது மூச்சு வாங்கி நிற்கிறீர்களா, சாம்பல் நிறத்தில் 'இல்லை'. இல்லையா? மூன்றாவது மாடிக்குக் காய்கறிப் பையோடு ஏறும்போது இரண்டாவது திருப்பத்தில் தினமும் நின்றவர் யார்? இவள் சாவியோடு மேலே போய் நின்றுகொண்டு, அங்க என்ன, யாரையாவது எதிர்பாக்கிறீங்களா என்று கேலி பேசுவாள், அவர், நீ போய்க் கதவைத் திறந்து வை, மாப்பிள்ளை மெதுவாத்தான் வருவாரு என்பார், சிரிப்புக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கும், அது மூச்சு என்று இப்போதுதானே தெரிகிறது... வேற்று வீட்டுக்காரர் அப்படி நின்றிருந்தால் இவள் கண்ணுக்குத் தப்பியிருக்காது, 'ஆம்' என்று போட்டிருப்பாள், 'ஆம்' போட்டால் ஒரு வாரத்துக்குள் மருத்துவமனையிலிருந்து கூப்பிடுவார்கள், எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஊரான் வீட்டு நெஞ்சையெல்லாம் காப்பாற்றிக் கொடுத்தவள்.

அவருடைய பகுதி முடிந்தது, இனி இவளுடையது. குடைக்காரி தயங்கினாள்.

"உங்களோடதையும் நீங்களே தட்டிடுங்கக்கா. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

"இல்ல, நீ கேளு."

"எதுக்குக்கா சங்கடம்?"

"வேத்து வீட்டுல கேக்கிற மாதிரி கேளு. அவரை நான் கேக்கல. நானாத்தான் போட்டேன்."

அவர் போன இந்த எட்டு மாசமாக யாரிடமும் சொல்லாதது, தம்பி வந்து பத்து நாள் தங்கினானே, அவனிடம்கூட வாய் வரவில்லை. குடைக்காரி குடைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எல்லாரும் அப்படித்தானேக்கா போட்டோம் என்றாள் கடைசியில், ஆறுதலாகத்தான் சொன்னாள், அது இன்னும் எங்கோ போய்க் குத்தியது, எல்லாரும் என்றால் எத்தனை வீடு, மேலாளர் அறைச் சுவரில், கேட்டு முடித்த வீடெல்லாம் பச்சையாக இருக்கிற அந்த வரைபடத்தில் எத்தனை பச்சை இப்படி... நாளைக்கு மேலாளரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால்?

குடைக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கிற குரலில் ஆரம்பித்தாள், கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாட்கள் மனம் சோர்ந்து... கேள்வி முடியவில்லை, அதற்குள் ஒரு நாளும் இல்ல என்று யாரோ சொன்னார்கள், இவள்தான். கேள் என்று அடம்பிடித்து வாங்கிய கேள்விக்கு இவள் வாயே அப்படிச் சொல்கிறது, சுழியத்தில் சின்னவளின் விரல் விழுகிறது, எவ்வளவு சுலபம். எதிரே குடைக்காரியின் முகம் தெரியவில்லை, குனிந்த தலையும் நேராக எடுத்த வகிடும்தான் தெரிகின்றன... இப்படித்தானா? பதினோரு வருஷமாக ஒவ்வொரு வீட்டிலும் இவளும் இப்படித்தான் குனிந்தபடி கேட்டாளா, அவர்களும் இந்த வகிட்டிடம்தான் பதில் சொன்னார்களா? அப்படியென்றால் அன்றைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தாலும், அவரும் ஒண்ணுமில்ல என்றுதான் சொல்லியிருப்பார், இவளும் குனிந்தபடி... இல்லை, அவர் முகத்தைப் பார்த்திருப்பாள், பார்த்திருப்பாளா?

"ராத்திரி தூக்கம் வராம இருந்தது எத்தனை நாள்க்கா?"

நல்லா வருது என்பது நுனிநாக்குவரை வந்துவிட்டது. பதில் சொல்லாமல் இருந்தால் நிமிர்ந்து பார்ப்பாளோ என்று இவள் பேசாமல் இருந்தாள். குடைக்காரியின் விரல் சுழியத்துக்கு மேலே காத்துக்கொண்டிருந்தது.