மூடியைத் திறந்தால் ஓடும் வண்டி

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தார், எழுந்தால் கொட்டகைக்குப் போனார், போனவர் ஸ்பேனரை எடுத்து எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. எப்படிக் கொள்ளும் இருப்பு? சாயங்காலம் எஞ்சினை விலைக்கு எடுத்துப்போக ஆள் வருகிறது. வரச் சொன்னது யாரோ எவரோ அல்ல, அவருடைய மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

எஞ்சின் அவனுடைய பைக்கினுடையது. தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஓட்டியவன், ஒரு மழை நாளில் சறுக்கி விழுந்து இடது முழங்காலை உடைத்துக்கொண்டான். எலும்பு கூடியது, முட்டிதான் மடங்க மாட்டேன் என்றது. அதிலிருந்து அக்கா வீட்டுப் பின்னறையே கதி என்று கிடந்தான். வாசலைத் தாண்டுவதில்லை. பழைய சிநேகிதர்கள் வந்தால் தூங்குகிறவன் போலப் படுத்துக்கொள்வான். நல்ல வாயாடி, கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்கிற ஆளாகிவிட்டான்.

பார்த்துப் பார்த்து நொந்துபோய்த்தான் மெக்கானிக் இந்தக் காரியத்தில் இறங்கினார். குழாய்ச் சட்டம், ஃபைபர் உடம்பு, சக்கரம், இரண்டு இருக்கை என்று தனித்தனியாகப் பெட்டியில் வரும் சின்னக் கார் ஒன்றை வாங்கி, அதில் பைக் எஞ்சினைப் பொருத்தினார். பைக்குக்குக் கையில்தானே கிளட்ச்? அதை அப்படியே கியர் கம்பிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டால் இடது காலுக்கு வேலையே கிடையாது. என்ன, பைக் எஞ்சினுக்கு ரிவர்ஸ் இல்லை. பின்னால் போக வேண்டுமானால் இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஏத்த வண்டிதான்," என்றாள் மனைவி. "பிடிச்ச பிடியிலேருந்து பின்வாங்கவே தெரியாது."

கொட்டகையில் சத்தம் கேட்க ஆரம்பித்ததும் மச்சான் தானாக எழுந்து வந்தான். முதலில் நிலைப்படியில் நின்றான். அப்புறம் ஸ்டூலில் உட்கார்ந்தான். அப்புறம் கார்புரேட்டரைப் பிடுங்கித் தானே துடைத்தான், "மாமா, அதை அப்படிப் பிடிக்காதீங்க, வளைஞ்சிடும்" என்று அதட்டவும் செய்தான். அந்த அதட்டலைக் கேட்டு மெக்கானிக்குக்கு வயிறு குளிர்ந்தது. இப்போது எஞ்சின் போய்விட்டால் இவனும் அறைக்குள் போய்விடுவான். பிறகு எதைக் காட்டி வெளியே கூப்பிடுவது?

கோளாறெல்லாம் பெட்ரோலில். பைக்கில் டாங்க் எஞ்சினுக்கு மேலே இருக்கும், பெட்ரோல் தன்பாட்டுக்கு இறங்கும். காரிலோ டாங்க் இருக்கைக்குப் பின்னால், தாழ்வாக. பம்ப் வைத்துத்தான் இழுக்க வேண்டும். முதலில் கார் பம்ப் ஒன்றை வைத்தார். அது தள்ளிய தள்ளில் கார்புரேட்டர் நிரம்பி வழிந்து, வீடு முழுக்க ஒரே பெட்ரோல் நாற்றம். அதைக் கழற்றிவிட்டு மெதுவாகத் தள்ளும் சின்ன பம்பை மாட்டினார். வழிவது நின்றது. வண்டி ஓடியது. குடியிருப்பை ஒரு சுற்றுச் சுற்றும். இரண்டாவது சுற்றில் இருமும், செருமும், நின்றுவிடும்.

நின்றதும் மெக்கானிக் ஹெல்மெட்டோடு இறங்குவார், டாங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார். பெட்ரோல் இருக்கும். மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் நல்ல பிள்ளையாக ஓடும். அடுத்த சுற்றில் மறுபடி பழைய குருடிதான். ஃபில்டரை மாற்றினார். பம்பை மாற்றினார். லிஃப்ட்காரர் அல்லவா, எது நின்றாலும் கை கரண்ட் பக்கம்தான் போகும். வயரை எல்லாம் பிடுங்கிப் புதிதாக இழுத்தார். ம்ஹும்!

நேற்று மச்சான் வெடித்துவிட்டான். "போதும் மாமா! என் காலுக்கும் இப்படித்தான் இந்த மருந்து அந்த மருந்துன்னு பாத்தீங்க. சில விஷயம் சரியாகாது. எஞ்சினை எடுத்துக்கச் சொல்லி ஆளுக்குச் சொல்லிட்டேன்."

"இன்னிக்கு ஒரு நாள் பொறுடா."

"பொறுத்து?"

அந்த ஒரு சொல் மெக்கானிக்கின் நெஞ்சில் தைத்தது. அதுதான் காலையிலிருந்து அவரை உட்கார விடவில்லை.

மத்தியானம் சாப்பாட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வண்டியை எடுத்தார். மச்சான் கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்பக்கமே நின்றான். ஒரு சுற்று ஆயிற்று. இரண்டாவது சுற்றில், பழி வாங்குவதுபோல, சரியாக வீட்டு வாசலில் வந்து இருமி நின்றது. "சனியனே!" என்று ஸ்டியரிங்கில் ஒரு குத்து விட்டார். இறங்கி மூடியைத் திருகினார்.

"மாமா, அது என்ன சத்தம்?"

"எது?"

"மூடியைத் திறந்தப்ப உஸ்ஸுன்னுச்சே! அந்த ஹெல்மெட்டைக் கழட்டினாத்தானே உங்களுக்குக் கேக்கும்? காத்து உள்ள போகுது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காத்து வர வேணாமா? வராம டாங்க் இறுகிப்போச்சு. பம்ப் எவ்வளவுதான் இழுக்கும்?" மச்சானுக்கு மூச்சு வாங்கியது. "நிக்கும்போதெல்லாம் மூடியைத் திறந்து நீங்களே காத்தை விட்டுட்டு, ஏன் ஓடுதுன்னு நீங்களே தலையைப் பிச்சுக்கறீங்க!"

மெக்கானிக் ஹெல்மெட்டைக் கழற்றினார். இத்தனை நாளும் வண்டியைச் சரிசெய்தது அவருடைய சந்தேகம்தான்! பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்காமல் இருந்திருந்தால் எப்போதோ பிடிபட்டிருக்கும்.

"அப்போ மூச்சுக் குழாய்?" என்று கேட்டுக்கொண்டே வண்டிக்கடியில் படுத்தார். டாங்கிலிருந்து காற்றுக்காகக் கீழே இறங்கும் மெல்லிய குழாயின் வாயில், குழாய் ஒழுகலுக்குப் பூசும் பசை கல்லாக உறைந்து உட்கார்ந்திருந்தது. பூசியவர் விரல் ரேகைகூடத் தெரிந்தது.

"யார் வேலை இது?"

"நான்தான்," என்றாள் வாசலில் நின்ற மனைவி. "முன்னாடி நாத்தம் தாங்கலைன்னு வந்து சொன்னேன்ல? 'இந்தச் சின்னக் குழாயை என்ன பண்றது'ன்னு கேட்டேன். வண்டிக்கு அடியிலேருந்து தலையைக்கூட நீட்டாம, 'அடைச்சிடு, அடைச்சிடு'ன்னீங்க. அடைச்சேன். நல்லா அடைச்சிருக்கேனா இல்லையா?"

மெக்கானிக் முகத்தில் அசடு வழிந்தது. வீட்டில் எது கேட்டாலும் 'சரி, செஞ்சிடு' என்று காது கொடுக்காமல் சொல்கிற பழக்கம் எங்கே கொண்டுவந்து விட்டது, பாருங்கள்! மச்சான் சிரித்தான். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, தோள் குலுங்கச் சிரித்தான். அக்காள் சிரிக்கவில்லை. தம்பி சிரிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடைத்த நுனியை வெட்டி, ரப்பர் குழாய் மாட்டி, வாயை வண்டிக்கு வெளியே பின்பக்கம் திருப்பிவிட்டார். மூடியை இறுக்கி மூடினார். எழுந்து பார்த்தால் மச்சான் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்திருந்தான். மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே நீட்டிக்கொண்டிருந்தான்.

"சாவி குடுங்க மாமா."

"நானும் வர்றேன், நகரு."

"வேணாம். தனியாப் போறேன்."

"டேய், வேணாம்டா," என்று அக்காள் ஓடிவந்து வண்டியின் முன்னால் நின்றாள். "இதே எஞ்சின்தானே உன்னைக் கீழே தள்ளுச்சு! எனக்குப் பயமா இருக்குடா."

"எனக்கும்தான் பயமா இருக்கு, அக்கா," என்றான் அவன். "நகரு. இதுக்கு ரிவர்ஸ் கிடையாது, பின்னாடி எடுத்து உன்னைச் சுத்திக்கிட்டுப் போக முடியாது."

அவள் நகர்ந்தாள். ஒரே அடிதான் நகர்ந்தாள், அது போதுமாக இருந்தது. வண்டி திக்கித் திக்கித் தெருவில் இறங்கி, முனையில் திரும்பி மறைந்தது.

மெக்கானிக் கேட்டுக்கும் முனைக்கும் நடந்தார். முதல் சுற்று வந்தது. மச்சான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது சுற்றுக்குக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். இப்போது இருமும், இதோ செருமும் என்று எண்ணிக்கொண்டிருந்தார். சத்தம் தேய்ந்தது, தேய்ந்து நின்றேவிட்டது. "ஐயோ, நின்னுடுச்சா?" என்றாள் மனைவி, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு. அப்புறம் தூரத்தில், குடியிருப்புக்கு வெளியே, பெரிய சாலைப் பக்கம், ஒரு கியர் மாறும் சத்தம் கேட்டது. இன்னொரு கியர். அவன் சுற்றுவதை விட்டுவிட்டான். நேராகப் போய்க்கொண்டிருந்தான்.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. எஞ்சினுக்குச் சொல்லியிருந்த ஆள் கயிறும் சாக்குமாக இறங்கி, காலியாகக் கிடந்த கொட்டகையை எட்டிப் பார்த்தான்.

"தம்பி வரச் சொல்லியிருந்தாரே, அவர் இல்லையா?"

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எத்தனை பேருக்கு எத்தனை முறை, 'தூங்கறான்' என்று தாழ்ந்த குரலில் சொல்லி அனுப்பியிருக்கிறாள்! இப்போது தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"தம்பி வீட்ல இல்லீங்க. வெளியே போயிருக்கான்."