ஜோடியாக உள்ளே போகிறவை

1

"நான் தின்ன முட்டை உள்ள போறப்போ தனித்தனியாப் போகுமா, கையைப் பிடிச்சுக்கிட்டுப் போகுமா?"

கேட்டவள் டெஸ்ஸா, ஆறு வயது. என்னோடு ஆய்வகத்தில் வேலை பார்த்த மார்லிஸின் மகள். பனியால் பள்ளி மூடிய ஒரு நாள், எங்கள் காபி அறையில் உட்கார்ந்து முட்டை சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு விதமாவும் போகும்டா கண்ணு. கையைப் பிடிச்சா சீக்கிரம்" என்றாள் மார்லிஸ்.

இந்தக் கதை அந்தக் கேள்வியில் பிறந்தது என்று எழுத ஆசை. பொய். பொறாமையில் பிறந்தது.

2

முதல் தொடக்கம்: மினசோட்டாவில் அந்த மார்ச் மாதம் பனி விடாமல்... வேண்டாம். பனியைப் பிடித்துக்கொண்டால் என்னைப் பற்றிப் பேசாமலே நாலு பக்கம் ஓட்டிவிடுவேன்.

இரண்டாம் தொடக்கம்: புரதம் செரிக்கும்போது அமினோ அமிலங்களாக உடைகிறது. ஆனால் முழுக்க உடைவதில்லை. இரண்டு மூன்று அமிலங்கள் கோத்தபடியே இருக்கும் துண்டுகளும் மிஞ்சும். அவை குட்டி பெப்டைடுகள். சிறுகுடலின் சுவரில் தனி அமிலங்களுக்குச் சில வாசல்கள், இந்தத் துண்டுகளுக்கு வேறொரு வாசல். நாலு பேர் கைகோத்து வந்தால் அது திறக்காது. [போதும் வெர்னா, பாடம் எடுக்காதே.]

நான் தனி அமிலங்களை அளந்தேன். மார்லிஸ் ஜோடிகளை அளந்தாள். எலியின் குடல் துண்டைக் கண்ணாடிக் குச்சியில் மாட்டி, காலுறையைப் புரட்டுவதுபோல் உள்பக்கம் வெளியே வரப் புரட்டி, இரு முனையும் கட்டிக் கரைசலில் மிதக்கவிடுவோம். எது எவ்வளவு நுழைகிறது என்று பார்ப்போம். அவளுடைய ஜோடிகள் ஒவ்வொரு தடவையும் முந்தின. வெளிக்கரைசல் கொஞ்சம் புளிப்பாக இருந்தால் இன்னும் வேகம். எங்கள் ஆய்வகத்தில் அதை முதலில் கவனித்தவளும் அவள்தான்.

"உன் ஆளுங்க இன்னும் வாசல்லயே நிக்கிறாங்களா வெர்னா?"

"நிக்கட்டும். வரிசை தெரிஞ்சவங்க. உன்னுதுங்க மாதிரி முண்டியடிக்க மாட்டாங்க."

"முண்டியடிக்கலடி, டான்ஸ் ஆடிக்கிட்டே போகுதுங்க!"

சிரித்தேன். சிரித்த வாய் வீடு போய்ச் சேரும்வரை வலித்தது.

3

மார்லிஸ் ரொம்ப நல்லவளாக வருகிறாள், நீங்கள் நம்பமாட்டீர்கள். ஒரு குறை சேர்க்கிறேன்: இரவல் வாங்கிய பேனாவைத் திருப்பித் தரமாட்டாள். [உண்மை. என்னுடையது மூன்று.]

அதற்கு முந்தைய குளிர்காலம். நான் குடலைக் கரைசலில் போட்டுவிட்டு, ஆக்சிஜன் குழாயைத் திறக்க மறந்து சாப்பிடப் போய்விட்டேன். ஆக்சிஜன் இல்லாவிட்டால் துண்டு செத்துவிடும். அந்தச் சோதனைக்கு என்னிடம் இருந்த கடைசி எலி அது. திரும்பி வந்தால் குமிழிகள் ஏறிக்கொண்டிருந்தன. சிலிண்டர்மேல் ஒரு சிவப்புக் கையுறை.

"உன் கையுறை அங்க எப்படிப் போச்சு மார்லிஸ்?"

"அதுக்குக் கால் முளைச்சிருக்கும்."

கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள். யாருக்குக் கடன்பட்டிருக்கிறோமோ அவள்மேலேயே பொறாமை வருவது தனிக் கசப்பு.

4

இனி நான் மறைக்க நினைத்த இடம்.

கரைசல் தயாரிப்பது வாரம் ஒருவர் முறை. அந்த வாரம் என் முறை. புளிப்பு அளவைச் சரிபார்ப்பதும் தயாரித்தவர் வேலை. மற்றவர்கள் புட்டியில் ஒட்டிய சீட்டை நம்புவார்கள். "புளிப்பு" என்று சீட்டு ஒட்டினேன். அமிலம் சேர்க்க மறந்தேன். [மறந்தது நிஜம். பாவம் கொஞ்சம் கீழே.]

வெள்ளிக்கிழமை மார்லிஸின் ஜோடிகள் தடுமாறின. என் கண் அலமாரிக்குப் போனது. அந்த வாரத்துக்கென்று எடுத்துவைத்த புது அமிலப் புட்டியின் முத்திரை உடைபடவே இல்லை. புரிந்துவிட்டது.

எங்கள் தலைவர் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "திங்கட்கிழமையும் இப்படித்தான்னா ஏப்ரல் மாநாட்டுக்கு மார்லிஸோடதுக்குப் பதிலா வெர்னாவோட வேலையை அனுப்பிடுவோம்."

மார்லிஸ் தன் விரல்களைப் பார்த்தாள். "என் கைதான் கெட்டுப்போச்சு போல."

"எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன்.

இந்த வரியை மூன்று முறை கோடு போட்டு அடித்தேன். அடித்தாலும் சொன்னது சொன்னதுதான்.

5

முடிவு ஒன்று: மாநாட்டில் நான். எல்லோரும் கைதட்டுகிறார்கள். [எழுதிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை.]

முடிவு இரண்டு: மார்லிஸைக் கட்டிக்கொண்டு அழுது எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். [அதில் நான் மிக அழகாக இருக்கிறேன். அதனாலேயே சந்தேகம்.]

நடந்தது இது. ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து கடவுளிடம் பாவ மன்னிப்புக் கேட்கும் இடத்தில் என் வாய் மட்டும் அசையவில்லை. ஆராதனை முடிந்து ஆலயத்தில் தரும் காபிக்கு நிற்காமல் நேரே ஆய்வகம் போனேன். யாரும் இல்லை.

இங்கே ஒரு சிக்கல். கையுறைக்காரி தான் செய்த உதவிக்குச் சாட்சி வைத்துக்கொள்ளவில்லை. நான் எழுதினால் நீங்கள் சாட்சியாகிவிடுவீர்கள். ஆகவே தயவுசெய்து கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்புங்கள். வெளியே பனி பெய்கிறது. யாரோ மண்வெட்டியால் தன் காரைத் தோண்டி எடுக்கிறார். அவரைப் பாருங்கள்.

 

 

ஆயிற்று. திரும்பலாம்.

பழைய புட்டியில் சீட்டு மாறியிருக்கிறது: "அமிலம் சேர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அளவுகள் செல்லாது." பெயர் இல்லை, யார் முறை என்பது சுவர் அட்டவணையிலேயே இருக்கிறது. திங்கட்கிழமையை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அதில் பங்கு வேண்டாம்.

அலமாரியில் அமிலப் புட்டியின் முத்திரை உடைந்திருக்கிறது. மார்லிஸின் மேசையில் ஒரு புதுப் புட்டி. கண்ணாடி இன்னும் ஈரமாக இருக்கிறது.