இதய நோய் என்று அச்சிட்டவர்

ஹதகெயாமா செய்கோ நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஜப்பானின் கனசவா நகரில் ஐந்து தலைமுறையாகச் சோயா சாஸ் தயாரிக்கும் வீட்டுக்கு மூத்தவர். தம்பி ஷூஜி கணையப் புற்றுநோயில் போனபிறகு, அவன் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, அந்த நோயை ஆராய்கிறவர்களுக்கு ஆண்டுதோறும் நிதி கொடுத்து வந்தார். தம்பி எதனால் போனான் என்பதைப் பத்திரிகைகள் எழுதிவிட்டன. மறைக்க முடியாததைத் தலைநிமிர்ந்து சுமப்பது என்று தீர்மானித்திருந்தார்.

அன்று நிதி கேட்டு வந்தவர் டாக்டர் மினோபே. ஒரே குடும்பத்தில் இந்த நோய் திரும்பத் திரும்ப வருவதை ஆராய்கிற பெண்மணி. அப்படிப்பட்ட குடும்பத்தாரை ஆண்டுதோறும் ஸ்கேன் செய்து வந்தால், முற்றுவதற்குள் பிடித்துவிட வாய்ப்புண்டு என்றார். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சிஸுரு பேனாவை வைத்தாள். ஷூஜியின் ஒரே மகள். அறக்கட்டளையின் அலுவலகம் அவள் பொறுப்பு. தன்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்றார் டாக்டர்.

"அப்பாவுக்கு மட்டும்தான். தாத்தாவும் அத்தையும் இதய நோயில போனாங்க."

"ஒருத்தர்னா சேர்க்க முடியாதுங்க. ரெண்டு பேராவது இருக்கணும். உங்களுக்கு நல்லதுதானே?"

சிஸுரு தலையசைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

செய்கோவின் அப்பா மஞ்சள் பூத்து, எலும்பும் தோலுமாகக் கிடந்த நாட்களில் தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி, பெண் வீட்டு நோய்நொடிகளை அக்கம்பக்கத்தில் விசாரிக்கிற காலம் அது. கருப்புக் கரையிட்ட மரண அறிவிப்பில் இதய நோய் என்று அச்சிடச் சொன்னவர் செய்கோதான். கல்யாணம் நடந்தது. பிறகு தூரத்து ஊரில் தங்கையும் அதே நோயில் போனபோது, அதே வார்த்தையே அச்சானது. அதைப் பொய்யாகவே அவர் நினைத்ததில்லை. வீட்டுக்குப் போட்ட வேலி. இப்போது அந்த வேலிக்குள்தான் சிஸுரு இருந்தாள்.

அறக்கட்டளைக் குழுவினர் அடுத்த விண்ணப்பத்துக்குப் பக்கம் புரட்டினார்கள். அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தார். ஊரறிய அச்சிட்டதை மூலையில் நின்று திருத்துவது கோழைத்தனமாகப் பட்டது. எழுந்து நின்றார்.

"எங்க அப்பாவுக்கு இதயத்துல ஒண்ணுமில்ல. அவருக்கும் கணையம்தான். தங்கச்சிக்கும் அதேதான். மாத்திப் போடச் சொன்னது நான்."

குழுவில் இருந்த வங்கி மேலாளர் தன் தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்த்தார்.

"டாக்டருங்க அப்பாகிட்டயும் இதைத்தான் கேட்டாங்க, பெரியப்பா," என்றாள் சிஸுரு மெதுவாக. "இதயம்னுதான் சொன்னார். அவருக்குமா தெரியாது?"

"தெரியாது. அப்போ அவன் பள்ளிக்கூடத்துப் பையன். அப்புறமும் நான் சொல்லல."

தம்பி மகளுக்கு முன்னால் இடுப்பு மடியக் குனிந்தார். அவள் நிமிரச் சொல்லவில்லை. அவராக நிமிர வெகுநேரமாயிற்று.

டாக்டர்தான் பேசினார். சிஸுருவைச் சேர்த்துக்கொள்ளலாம், தலைவரும் வர வேண்டும், முதலில் நாளைக்கே ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்.

"எனக்கு எதுக்கும்மா? எழுபத்தெட்டு ஆச்சு."

"நீங்க வரலேன்னா, உங்களுக்கும் நான் இதயம்னுதான் அச்சடிப்பேன்," என்றாள் சிஸுரு. அவள் முகத்தில் சிரிப்பில்லை.

நாளை எத்தனை மணிக்கு என்று செய்கோ டாக்டரைக் கேட்டார். சிஸுரு இரண்டு பெயர்களையும் எழுதினாள். அவர் பெயரை மேலே போட்டாள்.

"வெறும் வயித்தோட வரணும், பெரியப்பா."