இரண்டு முறை கட்டிய பில்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் குறை சொல்லக் கூடாது. எங்கள் கடன் தொடங்கியதே ஒரு கோபத்தில்தான். புது வாடகை வீட்டைப் பார்க்க வந்த என் அக்கா, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, பரவாயில்லை, போகப் போக எல்லாம் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வார்த்தை சொன்னாள். அவள் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாள், நான் சோபாக் கடையில் நின்றேன். பெரிய சோபா, கண்ணாடி மேசை, சுவரை மறைக்கிற டிவி. எல்லாவற்றையும் கிரெடிட் கார்டில் தேய்த்தேன். சோபாவின் பிளாஸ்டிக் உறையை மட்டும் யாரையும் கழற்ற விடவில்லை. அக்கா வரும் அன்றைக்குக் கழற்றலாம் என்று இருந்தேன். கர்மம், அவள் அப்புறம் வரவே இல்லை.

மூன்று வருடம் ஓடியது. நானும் வீட்டுக்காரரும் மாறி மாறி மினிமம் கட்டினோம். முழுத் தொகை முடியாவிட்டால் குறைந்தது இவ்வளவாவது கட்டு என்று பில்லின் ஓரத்தில் போட்டிருப்பார்களே, அதுதான். கட்டியதெல்லாம் வட்டிக்கே போனது, அசல் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கொஞ்சம் தாமதமானால் போதும், வசூல் பிரிவிலிருந்து ஒரு பெண் எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிக் கூப்பிடுவாள். சொன்னதையே சொல்வதால் அவளுக்குக் கிளி என்று பெயர் வைத்தேன். நான் சலூனில் முடி வெட்டுகிறவள். ஒருமுறை ஒரு அம்மாவின் முன்முடியில் கத்தரி வைத்திருந்தபோது கிளியின் போன் வந்தது. கை எக்குத்தப்பாகப் போய்விட்டது. பாவம் அந்தம்மா, நெற்றியை மறைத்துக்கொண்டே ரொம்ப நாள் திரிந்தார்.

இந்த லட்சணத்தில்தான் சலூன் முதலாளியம்மா மகன் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொன்னார். கடையை எனக்கே தருகிறேன் என்றார். வாடகை ஒப்பந்தம் அடுத்த வருடக் கடைசியில் முடிகிறது, அதற்குள் பணத்துக்கு வழி பண்ணு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான் என்றார். தரையைப் பெருக்கும் வேலைக்கு வந்து, கத்தரி பிடிக்கக் கற்றுக்கொண்ட கடை அது. வேறு எவனோ வந்து போர்டை மாற்றுவதை நினைத்தாலே நெஞ்சு எரிந்தது. வங்கிக்கு ஓடினேன். கடன் அதிகாரி கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கார்டு விளிம்பு வரை நிரம்பியிருக்கிறது, தாமதங்கள் வேறு, முதலில் இதை அடைத்துவிட்டு வாருங்கள் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த மாதம் வீட்டில் பெரிய சண்டை. பில் கட்ட என்னிடம் காசில்லை என்றேன். என்னிடமும் இல்லை என்றார் அவர். ஏசி மெக்கானிக், கொளுத்துகிற வெயில் காலத்தில் காசில்லை என்றால் யார் நம்புவது? ஆனால் நான் சொன்னதும் பச்சைப் பொய். டிப்ஸ் காசை ஷாம்பு டப்பாவில் பதுக்கி வைத்திருந்தேன். கோபம் ஆறியதும் மனசு கேட்கவில்லை. அவர் ஏணி மேல் நிற்கும்போது கிளி கூப்பிட்டால் என்ன ஆவது? சத்தம் போடாமல் போய் மினிமத்தைக் கட்டிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சண்டையில் தோற்ற மாதிரி ஆகிவிடுமே.

அடுத்த பில் வந்தது. அசல் குறைந்திருந்தது, அதுவும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு. சந்தோஷப்பட்டேனா? இல்லை. வங்கி ஏதோ தப்புப் பண்ணிவிட்டு அபராதத்தோடு பிடுங்கப் போகிறது என்று நினைத்தேன். வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, நானே கிளியைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"தப்பு ஒண்ணும் இல்ல மேடம். இந்த மாசம் ரெண்டு தடவ பணம் வந்திருக்கு," என்றாள் கிளி.

திரும்பிப் பார்த்தேன். மனுஷன் திருட்டு முழி முழித்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்த பிறகு தனியாக ரிப்பேருக்குப் போய், அந்தக் காசை ஸ்பேனர் பெட்டியின் அடித்தட்டில் ஒளித்து வைத்திருக்கிறார்.

"நீ கத்தரியோட நிக்கும்போது அவ கூப்பிடக் கூடாதுன்னுதான் கட்டினேன்," என்றார்.

எனக்குத் தெரியாமல் எப்படிச் சேர்க்கலாம் என்று எகிறினேன். நீ மட்டும் என்னவாம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும் வந்துவிட்டது, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம். ஆளுக்கு ஆள் மறைக்காமல் இருந்திருந்தால் இந்தச் சனியன் எப்போதோ தொலைந்திருக்கும்.

ஷாம்பு டப்பாவையும் ஸ்பேனர் பெட்டியையும் அன்றே தரையில் கொட்டி ஒன்றாக்கினோம். மேசையில் கொட்டியிருக்கலாம், ஆனால் மேசையையும் விற்பதென்று முடிவாகிவிட்டது. சோபா வாங்க வந்தவர் கடையிலிருந்து நேற்றுதான் வந்ததா என்று கேட்டார். உறை அப்படியே இருந்ததில் நல்ல விலை கிடைத்தது. என் வீம்பு உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அப்புறம் சம்பளம் வந்ததும் முதல் செலவு கார்டுக்கு, மிச்சத்தில்தான் சாப்பாடு. தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒவ்வொரு மாதமும் அசல் இறங்க இறங்க, சாப்பாடு தனி ருசியாக இருந்தது.

கடன் பைசா பாக்கியில்லாமல் முடிந்த அன்று, கார்டை வெட்ட என் நல்ல கத்தரியை எடுத்தேன். வீட்டுக்காரர் கையைப் பிடித்துவிட்டார். பழைய கார்டை மூடாதீர்கள், போன் பில் மட்டும் அதில் கட்டி, அதை மாதாமாதம் முழுசாக அடைத்து வாருங்கள், கணக்கு நல்ல பெயர் எடுக்கும் என்று வங்கியில் சொல்லியிருந்தார்களாம். முடி வளர்கிற மாதிரிதான் அதுவும், உற்றுப் பார்த்தால் தெரியாது, ஆனால் வளர்ந்தது. ஒப்பந்தம் முடிவதற்குள் அதே அதிகாரி கடைக்கான கடனில் கையெழுத்துப் போட்டார். எழுந்து நின்று கை கொடுத்தார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

சாவி கைக்கு வந்த காலையில் கடையைத் திறந்து எல்லா விளக்கையும் போட்டேன். போன் அடித்தது. தெரியாத எண், தெரிந்த குரல். பழக்கதோஷம், இந்த மாத பில்லைக் கட்டிவிட்டோமா என்று மனசு கணக்குப் போட்டது.

"வேலை விஷயமா கூப்பிடல மேடம். உங்க பேரு எங்க லிஸ்ட்ல இருந்து போயிடுச்சு. என்கிட்டயும் மூணு கார்டு இருக்கு. நீங்க எப்படி அடைச்சீங்க?"

மூன்று வருடம் வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. அவள் குரலிலேயே திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வீட்ல யாருக்காவது தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது மேடம்."

"அப்ப அதுதான் மொதல்ல. இன்னைக்கே சொல்லிடு. அப்புறம் மூணு பில்லையும் எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கிழமை வா, உக்காந்து பாப்போம்."

"எங்க மேடம் வரணும்?"

"என் கடைக்கு," என்றேன்.

கேட்க நன்றாக இருந்ததால் இன்னொரு தடவையும் சொன்னேன்.