அழுகிய பழத்துக்கு முதல் இடம்

வணிகவியல் ஆசிரியைக்கு அந்தக் கணினி விளையாட்டு முதலில் பிடித்துத்தான் இருந்தது. புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி விடுகிற பிள்ளைகள், திரையில் ஆளுக்கொரு பழச்சாறு கம்பெனி நடத்தச் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சரக்கு வாங்கு, விலை வை, விளம்பரம் செய், லாபம் பார். மணியடித்ததுகூட யார் காதிலும் விழவில்லை.

'புலி' என்று எல்லோரும் கூப்பிடும் மாணவனின் லாபக் கோடு மட்டும் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியது. எப்படி என்று ஆசிரியை குனிந்து பார்த்தார். அழுகின பழத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கி, சாயமும் சர்க்கரையும் கொட்டி, குழந்தைகளுக்கான பாட்டிலில் அடைத்து விற்றிருந்தான்.

"இதை நீ குடிப்பியாப்பா?"

"நான் எதுக்கு மேடம் குடிக்கணும்? நான் விக்கிறவன்."

வகுப்பே கைதட்டியது.

ஆசிரியை விளையாட்டின் அமைப்புகளைத் துழாவினார். குடிப்பவர்களுக்கு நோய் வரும் என்கிற பகுதி அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

கணினி அறை உதவியாளர் தலையைச் சொறிந்தார். "பிரின்சிபால்தான் ஆஃப் பண்ணச் சொன்னாரு மேடம். லாபத்த வச்சுத்தான மார்க்கு, அது குறைஞ்சா பெத்தவங்க சண்டைக்கு வர்றாங்களாம்."

ஆசிரியை அதைத் திரும்பப் போட்டுவிட்டார். அடுத்த சுற்றிலேயே புலியின் சாற்றைக் குடித்த குழந்தைகள் கொத்துக்கொத்தாக ஆஸ்பத்திரிக்குப் போயின. கம்பெனி இழுத்து மூடப்பட்டது. இனியாவது உறைக்கும் என்று அவர் காத்திருந்தார்.

புலி உதட்டைப் பிதுக்கினான். புதுப் பெயரில் இன்னொரு கம்பெனியைத் திறந்தான். அதே பழம், அதே பாட்டில். விளையாட்டு ஏனென்று கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்து அப்படியே செய்தார்கள்.

அந்த நேரம் பார்த்து வந்த பிரின்சிபால் அவன் முதுகில் தட்டினார். "விழுந்ததும் எப்படி எந்திரிச்சான் பாருங்கம்மா! ஆண்டு விழாவுல இவன்தான் பேசணும்."

"குழந்தைங்களுக்கு விஷம் விக்கிறான் சார்."

"பொம்மைதானேம்மா."

பொம்மைதான். ஆனால் இத்தனை முகங்களில் ஒரு சுளிப்புகூட இல்லையே. ஆசிரியை சுவரோரம் போய் மெயின் சுவிட்சை அணைத்தார்.

"ஐயோ மேடம்!" புலி அலறினான். "என் லாபம்!"

ஆண்டு விழாவில் அவன்தான் பேசினான். ஆசிரியை போகவில்லை. "ஒரு விளையாட்டுக்குப் போயி மூஞ்சிய தூக்கி வச்சுக்கலாமாக்கா?" என்று வீட்டில் தங்கை கேட்டாள். அந்த விளையாட்டுப் பாடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று மட்டும் பிரின்சிபாலிடம் சொன்னார். கொடுத்துவிட்டார்கள்.