பச்சைப் பெட்டிக்கு ஒரு ஓட்டு

குன்னூரிலிருந்து பஸ்ஸில் வந்த சேதியைக் கேட்டதும் எஸ்டேட் அரிசிக் கடைக்காரன் சங்கிலி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். 1937 சட்டசபைத் தேர்தலில் எஸ்டேட் பஜாருக்கு இருந்ததே முப்பத்தோரு ஓட்டு. காங்கிரஸின் மஞ்சள் பெட்டிக்கு முப்பது. எதிர்த்து நின்ற ஜமீன்தாரின் பச்சைப் பெட்டிக்கு ஒன்றே ஒன்று!

ஜமீன்தாருக்கு ஓட்டுப் பிடித்தவன் சங்கிலிதான். பஜார் பச்சைக்குப் போட்டால்தான் எஸ்டேட் அரிசிக் கடை உனக்கு, இல்லையென்றால் மூட்டையைக் கட்டு என்று எஸ்டேட் மானேஜர் லெஸ்லி துரை சொல்லியிருந்தார். ஆட்டை அடித்துச் சோறு போட்டான். தட்டில் சூடம் ஏற்றி, இருபத்தொன்பது பேரையும் கையால் அடித்து அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கினான். எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று மனைவி வீரம்மாளுக்கும் ஓட்டு உண்டு. அவளிடம் வாயால் சொன்னதோடு சரி. தட்டைப் பிடித்தவனிடம் யார் சத்தியம் கேட்பார்கள்?

அந்தத் தைரியத்தில்தான் ஆசாமி கைவரிசையைக் காட்டினான். மறைப்புக்குள் போனதும் சீட்டை மஞ்சள் பெட்டியில் போட்டுவிட்டான். மனசு என்றைக்கும் காங்கிரஸ்தானே! முப்பது ஓட்டு பச்சையில் விழும்போது நம் ஒரு ஓட்டு மாறினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தான். அட, பஜாரே அப்படித்தான் நினைத்திருக்கிறது!

சரி, அந்த ஒருத்தன் யார்? கடை போகிற பயத்தையும் மீறி இந்தக் கேள்வி அவனைக் குடைந்தது. தையல்காரர் வேலனைப் பிடித்தான்.

"ஏனுங்க, நீங்களா அந்தப் புண்ணியவான்?"

"அட போங்க! சூடத்துல கை பொத்துப்போச்சு. அந்தக் கோவத்துலயே மஞ்சள்ல போட்டனுங்க," என்று வேலன் உள்ளங்கையைக் காட்டினார்.

நேற்றுவரை ஜமீன்தார் புராணம் பாடிய இசக்கிமுத்து, இன்று கதர் குல்லா வைத்துக்கொண்டு மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்கவே தேவையில்லை.

மத்தியானம் துரை கூப்பிட்டனுப்பினார். போய் நின்றான். துரையோ அவன் தோளைத் தட்டினார்.

"அந்த ஒரு ஓட்டு நீ. எனக்குத் தெரியும். கடை உனக்கு."

சங்கிலி பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு ஓடி வந்துவிட்டான்.

வீட்டில் வீரம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கடை தப்பியது என்றதும் அவள் முகம் மலர்ந்தது.

"எனக்கும் மஞ்சள்ல போடத்தானுங்க ஆசை. கடை போயிட்டா நீங்க ஒடிஞ்சு போயிருவீங்களேன்னு, மனசைக் கல்லாக்கிட்டுப் பச்சையிலேயே போட்டேன்."

சங்கிலி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தான்.

"பச்சையில மொத்தம் எத்தனைங்க உழுந்துச்சு?"

"ஒண்ணு," என்றான், வாசலைப் பார்த்துக்கொண்டு.

வெங்காயம் உரித்த கை நின்றது.

"ஏனுங்க," என்றாள் நிதானமாக, "அப்ப உங்க ஓட்டு எங்கீங்க?"